குளிரில் சிவந்து வீங்கும் விரல்கள்: அறிந்துகொள்ள வேண்டியவை

கடந்த தை மாதத்தில் ஒரு நாள் காலை, மயிலாப்பூரைச் சேர்ந்த 62 வயது அம்மையார் ஒருவரை அவருடைய மகன் எங்கள் தோல்நோய்ப் புறநோயாளர் பிரிவுக்குச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார். அம்மையாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பேரக்குழந்தையைப் பார்க்க லண்டனில் உள்ள மகள் வீட்டிற்குச் சென்றவர், ஆறு வாரம் தங்குவதாக இருந்த பயணத்தைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு திரும்பியிருந்தார். இரு கால்களிலும் விரல்கள் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தன. வலது காலின் இரண்டாம் விரலில் மெட்டி சதைக்குள் புதைந்து, அதற்கு மேலே விரல் நீலம் பாய்ந்திருந்தது. இடது குதிகாலில் ரூபாய் நாணயத்தின் அளவில் ஒரு கொப்புளம் இருந்தது. மகன் அமர்வதற்கு முன்பே கேட்ட கேள்வி, "டாக்டர், விரலை எடுக்க வேண்டியிருக்குமா?" என்பதுதான்.

விரலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. மெட்டியைத்தான் வெட்டி எடுத்தோம். விரல்களின் வீக்கம் மூன்று வாரங்களில் முழுமையாக வடிந்தது. ஆனால் குதிகாலில் இருந்த கொப்புளம் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அது குளிரால் வந்ததன்று. கால் வலிக்கிறதே என்று அன்போடு வைக்கப்பட்ட வெந்நீர்ப் பையால் வந்த சூட்டுக்காயம். அவருடைய இசைவோடு, அடையாளங்களை மாற்றி இதனை இங்கே எழுதுகிறேன். இவரைப் போன்றவர்கள் ஆண்டுதோறும் மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில் எங்களிடம் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நோயைக் காட்டிலும் நோயைப் பற்றிய அச்சத்தாலும், வீட்டிலேயே செய்துகொண்ட வைத்தியத்தாலுமே மிகுதியாகத் துன்புற்றவர்கள்.

நமக்குப் பெயர் இல்லாத நோய்

விரல்களில் தோன்றும் இந்த வீக்கத்தை ஆங்கில மருத்துவத்தில் 'சில்பிளெயின்ஸ்' என்றும் 'பெர்னியோ' என்றும் அழைக்கிறார்கள். காஷ்மீரத்தில் இதற்கு 'ஷூ' என்று வீட்டு வழக்கிலேயே ஒரு சொல் உண்டு. சென்னையில் வாழும் நம்மிடம் அப்படி ஒரு சொல் வழங்கவில்லை. வழங்க வேண்டிய தேவையும் எழவில்லை. இந்நகரில் இதுவரை பதிவாகியுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் நூறாண்டுகளுக்கு முன்னர். மார்கழி விடியலில் மாடவீதிகளில் வெறுங்காலோடு பஜனை பாடிச் செல்வோருக்கோ, அடையாற்றில் காது மூடிய குல்லாயுடன் நடைப்பயிற்சி செய்வோருக்கோ இந்நோய் வருவதில்லை. இக்கட்டுரையில் இதனைக் 'குளிர்வீக்கம்' என்று குறிப்பிடுவோம். 'பனிவெடிப்பு' என்று நாம் சொல்வது வேறு. அது தோல் வறண்டு குதிகாலில் பிளவுபடுவது.

குளிர்வீக்கத்திற்குக் கடும் பனி தேவையில்லை. ஏறக்குறைய 0 முதல் 15 டிகிரி வரையிலான, ஈரம் கலந்த குளிரே போதுமானது. இதனால்தான் குளிர்காலத்தில் எலும்பை உறைய வைக்கும் கனடாவைவிட, தூறலும் ஈரமுமான இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் இது பழகிப்போன நோயாக இருந்துவந்திருக்கிறது. கடுங்குளிர் நாடுகளில் வீடுகள் நன்கு வெப்பமூட்டப்பட்டிருக்கும், காற்றும் வறண்டிருக்கும். ஈரக்குளிர் நாடுகளில் வீட்டுக்குள்ளும் குளிர் புகுந்துவிடும். தமிழ்நாட்டிலேயே உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை இந்த அளவுக்குள் எளிதில் இறங்கிவிடுகிறது. உதகையை அடுத்த தலைக்குந்தாவில் புல்வெளி வெண்மையாக உறைந்திருக்கும் படங்களை ஆண்டுதோறும் நாளிதழ்களில் காண்கிறோம். வார இறுதிப் பயணமாக அங்கே சென்று, நனைந்த காலணியோடு ஒரு நாள் முழுவதும் சுற்றி வருபவருக்கும் இது வரலாம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

வெளியே குளிர் மிகும்போது, உடல் தன் உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காத்துக்கொள்ள, கைகால் விரல்களுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. வறட்சிக் காலத்தில் கடைமடைக்குச் செல்லும் வாய்க்காலை அடைத்து, தலைமடையின் நீரைக் காப்பதைப் போன்றது இது. பெரும்பாலோருக்கு இடையிடையே அம்மடை சிறிது திறந்து திறந்து மூடும்; அதனால் விரல்களுக்குப் பழுது நேராது. சிலருக்கு மட்டும் நுண்குழாய்கள் நெடுநேரம் சுருங்கியே இருந்துவிடுகின்றன. அப்போது தோலின் அடித்தளத்திற்கு உயிர்வளி குறைகிறது. அவ்விடத்தில் அழற்சி தொடங்குகிறது. அந்த நிலையில் திடீரென்று சூடேற்றினால், மேற்பகுதியிலுள்ள குழாய்கள் சட்டென்று விரிந்து இரத்தம் பாய்கிறது. ஆனால் அடுத்த பகுதியிலுள்ள குழாய்கள் இன்னும் சுருங்கியே இருக்கின்றன. வாய்க்கால் திறவாதபோது மடையை மட்டும் முழுவதுமாகத் திறந்தால் நீர் கரையை மீறி வயலுக்கு வெளியே வழிவதைப் போல, குழாய்களிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசிகிறது. வீக்கம், அரிப்பு, எரிச்சல் ஆகிய மூன்றுக்கும் காரணம் இதுவே.

குளிரைப் போலவே, குளிருக்குப் பின் விரைந்து கொடுக்கும் சூடும் இந்நோயின் ஒரு பாதி என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் சொல்லப்போகும் பல எச்சரிக்கைகளின் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

பெண்களுக்கும், மெலிந்த உடலினருக்கும், புகைபிடிப்பவர்களுக்கும், வழக்கமாகவே கைகால்கள் சில்லிட்டிருப்பவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் தரப்படும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகள் (அட்டினலால், ப்ரொப்ரனலால் போன்றவை) கைகால்களைக் குளிரச் செய்யும் இயல்புடையவை. அவற்றை உட்கொள்பவர்கள் குளிர் நாட்டுக்குச் செல்லுமுன் தம் மருத்துவரிடம் இதனைக் கேட்டறிவது நல்லது. ஆனால் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அவ்வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதால் இதயத்திற்கு நேரும் கேடு, குளிர்வீக்கத்தைவிடப் பன்மடங்கு பெரியது.

எப்படி அறிவது?

குளிரில் இருந்த அந்த வேளையிலேயே இது பெரும்பாலும் தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்து, பல வேளைகளில் மறுநாள், விரல்களின் மேற்புறத்திலோ பக்கங்களிலோ சிவந்த அல்லது ஊதா நிறத் தடிப்புகள் எழும். நம்முடைய மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது; கருநீலமாகவோ, பழுப்பு கலந்த ஊதாவாகவோ தோன்றும். இங்கிலாந்து மருத்துவ நூல்களில் உள்ள ரோஜா நிறப் படங்களை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் நம்மவர்கள் ஏமாந்துவிடுவார்கள். வேறேதோ பெரிய நோய் என்று அஞ்சுவதற்கும் இதுவே காரணம். தொட்டால் வலிக்கும். இரவில் போர்வைக்குள் கால் சூடேறியதும் தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும் எழும். கால் விரல்களே முதலிடம். அடுத்துக் கை விரல்கள், மூக்கு நுனி, காது மடல். பொதுவாக இரு புறமும் காணப்படும். மறுபடியும் குளிர் படாமல் காத்தால் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் தானே ஆறிவிடும். சிலருக்குக் கொப்புளமாகிப் புண்ணாவதும் உண்டு.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடிய நிலைமைகள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது 'ரேனாட்' நிலை. இதில் குளிர்ந்த நீரைத் தொட்டவுடன், அல்லது குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும்போதே, விரல்கள் சுண்ணாம்பைப் போல வெளுத்து, பின் நீலமாகி, பின் சிவக்கும். ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குளிர்வீக்கம் நாட்கணக்கில் நிற்கும். இது நிமிடக் கணக்கில் வந்து போகும். சென்னையில் நாங்கள் இதனையே மிகுதியாகக் காண்கிறோம். தியாகராய நகரில் துணிக்கடை ஒன்றில் நாள் முழுவதும் குளிரூட்டியின் கீழ் நின்று பணிபுரியும் இளம்பெண், இரு விரல்கள் அடிக்கடி வெளுத்துப்போவதாகக் கூறி வந்தால், அவருடைய தோல் இறுகியிருக்கிறதா, மூட்டு வலி உண்டா என்று ஆராய்வோம். சில வேளைகளில் அது இணைப்புத் திசு நோய்களின் முதல் அடையாளமாக இருக்கும்.

இரண்டாவது பனிக்கடி. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே செல்லும் இடங்களில் விரலின் திசுவே உறைந்துபோவது இது. விரல் வெளிறி, மெழுகைப் போல் கெட்டியாகி, உணர்வற்றுப் போகும். வலி இல்லை என்பதே இங்கே அபாய அறிகுறி. பனிக்கடிக்குச் சிகிச்சை, மீண்டும் உறைய வாய்ப்பில்லாத பாதுகாப்பான இடத்தில், மருத்துவ மேற்பார்வையில், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் உறுப்பை வைத்து உருக்குவது. தேய்க்கவே கூடாது. குளிர்வீக்கத்திற்கு நீரில் அமிழ்த்தும் இந்த முறை தேவையில்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதிச் செய்வதால் கேடு விளைகிறது. லடாக், சிக்கிம் போன்ற உயரங்களுக்குப் பனிக்காலத்தில் சுற்றுலா செல்வோர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே செல்ல வேண்டும்.

யாத்திரையும் ஈரக்காலும்

எங்கள் நோயாளிகளில் ஒரு பகுதியினர் வெளிநாடு சென்றவர்களல்லர், யாத்திரை சென்றவர்கள். பத்ரிநாத் ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேபாளத்திலுள்ள முக்திநாத், நம் வைணவர்கள் திருச்சாளக்கிராமம் என்று போற்றும் தலம், சுமார் 3,700 மீட்டர். இரண்டும் திவ்ய தேசங்கள் என்பதால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளிலிருந்து முதியவர்கள் குழுக்களாகச் செல்கிறார்கள். முக்திநாத்தில் சந்நிதியைச் சுற்றி 108 தாரைகளிலிருந்து பனியுருகிய நீர் கொட்டுகிறது. அவற்றின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி நீராடுவது வழக்கம். பின்னர் ஈர உடையோடும் வெறுங்காலோடும் கல் தரையில் நிற்க வேண்டியிருக்கிறது. குளிர்வீக்கம் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான சூழலை ஒரு மருத்துவரால் கற்பனை செய்ய முடியாது.

நீராட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை; சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு தாரையின் நீரைக் கையில் ஏந்தித் தலையில் புரோட்சித்துக்கொள்வதும் போதும் என்று பெரியவர்களே சொல்வதுண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் அதையே பரிந்துரைப்பேன். முழுமையாக நீராடுபவர்கள், உலர்ந்த துண்டு, மாற்றுடை, கம்பளிக் காலுறை மூன்றையும் ஒரு நெகிழிப் பையில் கட்டி, தாரைகளின் மறுபுறத்தில் குடும்பத்தினர் ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்திய பின்பே காலுறை அணிய வேண்டும். பத்ரிநாத்தில் கோயிலுக்குக் கீழே தப்த குண்டம் என்னும் வெந்நீர் ஊற்று இருக்கிறது. மரத்துப்போன கால்களை நேராக அந்தச் சூட்டில் இறக்காமல், முதலில் அறையில் போர்வைக்குள் கால்களை மெல்ல வெதுவெதுப்பாக்கிக்கொண்டு செல்லுங்கள். கால் உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகள் குண்டத்தில் கால் வைக்குமுன், உடன் வந்தவரை நீரின் சூட்டைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

விரல்கள் வீங்குவதாகத் தோன்றியதும், வேறெதற்கும் முன்பாக, மெட்டியையும் மோதிரங்களையும் கழற்றுங்கள். இந்த அறிவுரையை வெளிநாட்டுக் கையேடுகளில் கால் விரல்களுக்கென்று தனியாக யாரும் எழுதி வைப்பதில்லை; அவர்கள் நாட்டில் மெட்டி இல்லை. திருமணமான நாள் முதல் கழற்றாத மெட்டியைக் கழற்றுவதற்கு அம்மாமார்கள் தயங்குவார்கள். மகளோ மருமகளோ பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். வீக்கம் தொடங்கிய முதல் மணி நேரங்களில் சோப்பு நீர் தடவி எளிதில் கழற்றிவிடலாம். ஒரு நாள் தாமதித்தால், சதை மேலே ஏறிக்கொள்ளும். பின்னர் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டாமல் விட்டால் விரலுக்குச் செல்லும் இரத்தமே தடைப்படலாம். மயிலாப்பூர் அம்மையாரின் விரல் நீலம் பாய்ந்ததற்குப் பாதிக் காரணம் குளிரென்றால், மறு பாதி மெட்டி.

அடுத்து, ஈரமான காலுறையையும் இறுக்கமான காலணியையும் கழற்றிவிட்டு, உலர்ந்த அறையில், கம்பளிக்குள் கால்களை வைத்து உடல் முழுவதையும் மெல்ல வெதுவெதுப்பாக்குங்கள். விரலை மட்டும் சூடாக்க முயல வேண்டாம். நெஞ்சும் வயிறும் சூடாக இருந்தால் விரல்களுக்கு மடை தானே திறக்கும். சூடான பாலோ கஞ்சியோ அருந்தலாம்.

நம் வீடுகளில் வலி என்றதும் ஒத்தடம் என்ற சொல்லே முதலில் வரும். உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், இஸ்திரிப் பெட்டியில் சூடாக்கிய துணி, வெந்நீர்ப் பை, அறைச் சூடேற்றிக்கு எதிரே கால் நீட்டி அமர்வது ஆகிய இவை யாவும் குளிர்வீக்கத்தை மோசமாக்கும். சூடு கடுமையாகவும் பழக்கமாகவும் தொடர்ந்தால் தோலுக்கு என்ன நேரும் என்பதற்குக் காஷ்மீரம் ஒரு சான்று. அங்கே கரித்துண்டுகள் கனலும் 'காங்கிரி' என்னும் மண்சட்டியை உடைக்குள் வைத்துக் குளிர் காய்வார்கள். பல ஆண்டுகள் அந்தச் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் உண்டாவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. நாம் சில நாட்கள் வைக்கும் வெந்நீர்ப் பைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் உணர்வு குறைந்த காலில் அதே பை ஒரே இரவில் சூட்டுக்காயம் உண்டாக்கிவிடும்.

அரிப்பு மிகும்போது சொறியாமல் இருப்பது கடினம். நகங்களைக் குறுக வெட்டிக்கொள்ளுங்கள். மணமற்ற ஈரப்பதக் களிம்பைப் பூசுங்கள். தோல் பிளந்திருந்தால் நீலகிரித் தைலமோ, வலி தைலங்களோ, கற்பூரம் கலந்த எண்ணெயோ கூடாது. எரிச்சலோடு புண்ணும் பெருகும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, அளவுக்கு மீறிய நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. வீக்கமும் அரிப்பும் கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்களுக்கு எழுதித் தருவது வழக்கம். திறந்த புண்ணின் மீது அதைப் பூசக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் சேர்ந்த கலவைக் களிம்புகளைத் தாமாக வாங்கிப் பூசுவோரை நாள்தோறும் பார்க்கிறோம். அதனால் தோல் மெலிந்து, தொற்று மறைந்து வளர்வதையும் பார்க்கிறோம். மீண்டும் மீண்டும் வரும் கடுமையான குளிர்வீக்கத்திற்கு, இரத்தக் குழாய்களை விரிக்கும் 'நிஃபெடிபின்' என்னும் மாத்திரை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 1989-ல் இங்கிலாந்தில் வெளியான சிறிய ஆய்வு ஒன்று அது நன்கு பலனளிப்பதாகக் காட்டியது. பின்னர் நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் வரும் நாட்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளில், அந்த மாத்திரையோ ஸ்டீராய்டு களிம்போ வெற்று மருந்தைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் அதைத் தருவதில்லை. தேர்ந்தெடுத்தவர்களுக்கு, இரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தருகிறோம். தலைவலி, முகம் சிவத்தல், கணுக்கால் வீக்கம், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஆகியவை அதன் பக்கவிளைவுகள். ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை உண்ணும் முதியவர்கள், தெரிந்தவர் தந்தார் என்று அதை வாங்கி விழுங்கிக் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. உண்மையில் மருந்தைக் காட்டிலும், கால் உலர்ந்தும் வெதுவெதுப்பாகவும் இருப்பதே பெரும்பாலோரைக் குணப்படுத்துகிறது.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு சொல்

நீண்ட காலச் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் பழுதடைவதால், குளிரும் தெரியாது, சூடும் தெரியாது, காலணிக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது. இரத்தக் குழாய்களும் அடைபட்டிருக்கலாம். இவர்களுக்கு விரல் கருத்தால் அது வெறும் குளிர்வீக்கம் என்று தொலைபேசியில் யாராலும் உறுதி சொல்ல முடியாது. மருத்துவர் காலின் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விரல் மட்டும், ஒரு பக்கம் மட்டும் கருத்திருந்தால், அல்லது கால் வெளிறிக் குளிர்ந்து, நடக்கும்போது கெண்டைக்காலில் வலி இருந்தால், அன்றே காட்டுங்கள். நீர் வடிதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், சிவப்பு மேலேறிப் படர்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வெளிநாட்டிலாயினும் காத்திருக்க வேண்டாம். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பயணச்சீட்டைத் தேடிக்கொண்டிருப்பதில் விலை மதிப்பற்ற நாட்கள் கழிந்துவிடுகின்றன. மருத்துவக் காப்பீடு இன்றிப் பெற்றோரைக் குளிர் நாட்டுக்கு அழைக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர்கள் கால்களைச் சூடாக்கத் தண்ணீரைப் பயன்படுத்தினால், அதன் சூட்டைக் காலால் அறிய முயலக் கூடாது. உடனிருப்பவர் முழங்கையை நனைத்துப் பார்த்து, வெதுவெதுப்பு மட்டுமே இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

குளிர் நாட்டுக்குப் போகாமலே வந்தால்

சென்னையை விட்டு எங்கும் செல்லாத ஒருவருக்கு விரல்களில் இத்தகைய வீக்கம் தோன்றினால், நாங்கள் அதை எளிய குளிர்வீக்கம் என்று ஏற்றுக்கொள்வதில்லை. முதலில் அவருடைய தொழிலைக் கேட்போம். மீன் அங்காடியில் பனிக்கட்டியை வெறுங்கையால் அள்ளுபவர்கள், குளிர்பதனக் கிடங்கில் பணிபுரிபவர்கள், மூட்டு வலிக்குப் பனிக்கட்டிப் பொதியை மணிக்கணக்கில் கட்டிக்கொள்பவர்கள் ஆகியோருக்கு நம் ஊரிலும் இது வரக்கூடும். இவை எதுவும் இல்லையென்றால், இரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். 'லூபஸ்' என்னும் தன்னெதிர்ப்பு நோயின் ஒரு வடிவம் குளிர்வீக்கத்தைப் போலவே விரல்களில் தோன்றும். 1888-லேயே லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் இதனை விவரித்திருக்கிறார். வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல், காலையில் மூட்டு இறுக்கம், காரணமற்ற களைப்பு ஆகியவை சேர்ந்திருக்கிறதா என்று நீங்களும் நினைத்துப் பாருங்கள். இந்நோய் பெரும்பாலும் இளம் பெண்களையே தாக்குகிறது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் முன் கண்டறிந்தால் நல்ல மருந்துகள் உள்ளன. நகரில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் இதற்கெனவே மூட்டுவாதவியல் துறைகள் இயங்குகின்றன. புகைபிடிக்கும் இளம் ஆண்களுக்கு விரல் கருத்துப் புண்ணானால், இரத்தக் குழாய் அடைப்பை முதலில் ஐயுற வேண்டும். அங்கே களிம்பு பூசிக் காலம் கடத்துவது காலையே இழக்கச் செய்யும்.

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொரோனா பரவியபோது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே இருந்த இளைஞர்கள் பலருக்குக் கால் விரல்களில் குளிர்வீக்கம் தோன்றியது பலருக்கு நினைவிருக்கலாம். அவர்களில் பலருக்குத் தொற்றுப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. அதன் முழுக் காரணத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. குளிர்காலத்தில் விரல் சிவந்ததும் கொரோனா என்று கருதத் தேவையில்லை.

பயணத்துக்கு முன்

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கம்பளிச் சட்டை வாங்கும் அவசரத்தில், காலை மறந்துவிடுகிறோம். தோளுக்கு இரண்டு ஸ்வெட்டர், காலுக்கு ஒரு ரப்பர் செருப்பு என்று கிளம்புகிறவர்களே அதிகம். உங்கள் அளவைவிடச் சற்றே தளர்வான மூடிய காலணி, மெல்லிய காலுறையின் மேல் கம்பளிக் காலுறை, ஈரமானால் மாற்றுவதற்குக் கூடுதலாக இரண்டு இணை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு காலுறைகளை அணிந்து இறுக்கமான காலணிக்குள் திணித்தால், இரத்த ஓட்டம் குறைந்து நோய்தான் வரும். கைகளுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட, நான்கு விரல்களும் சேர்ந்திருக்கும் உறையே அதிக வெப்பம் காக்கும். வெளியே போய்க் குளிர்ந்த பின் அணிவதைவிட, வீட்டுக்குள் கை சூடாக இருக்கும்போதே அணிந்துகொண்டு புறப்பட வேண்டும்.

வீட்டுக்குள் செருப்பணியாத நம் பழக்கத்தை அங்கே சிறிது தளர்த்தியாக வேண்டும். லண்டன் வீடுகளில் சமையலறையின் கல் தரை ஜனவரியில் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பது நம் பெற்றோருக்குத் தெரியாது. மயிலாப்பூர் அம்மையார் ஒரு நாளுக்கு மூன்று வேளையும் அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்று, குழாய்த் தண்ணீரில் பாத்திரம் துலக்கியிருக்கிறார். மகளுக்கு மின்கட்டணம் ஏறுமே என்று பகலில் வெப்பமூட்டியையும் அணைத்து வைத்திருக்கிறார். சமையலறைக்கென்றே ஒரு புதிய துணிச் செருப்பை ஒதுக்கினால், ஆசாரத்திற்கும் குறைவில்லை, காலுக்கும் குறைவில்லை. பிள்ளைகள் வெந்நீர்க் குழாயைக் காட்டிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் வரும்போது, விரல் எப்படி இருந்தது என்பதை நாள்தோறும் கைபேசியில் எடுத்த படங்கள் இருந்தால் மிகவும் உதவும். பலருக்கு இங்கே வந்து சேர்வதற்குள் பாதி ஆறிவிடுகிறது. எந்த ஊரில், எத்தனை நாள், குளிர் பட்டதற்கு எத்தனை மணி நேரம் கழித்து வீக்கம் வந்தது என்பதையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும், குளிர் நீங்கிய பின் கோடையில் மீண்டும் வந்தாலும் மறுபடி காட்ட வேண்டும்.

அந்த அம்மையார் குதிகால் ஆறிய பிறகு கடைசியாகக் கட்டு பிரிக்க வந்தபோது, மெட்டியை மீண்டும் எப்போது அணியலாம் என்று கேட்டார். வீக்கம் முழுவதும் வடிந்த பின், விரலுக்கும் மெட்டிக்கும் இடையே ஒரு நூலை எளிதில் நுழைத்து இழுக்கும்படி தளர்வாக, திறந்து மூடும் வாய் உள்ளதாகச் செய்து அணியலாம் என்றேன். அடுத்த முறை விமானம் ஏறுமுன் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.